வேண்டாத சூடு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும், உட்காருவதற்கு முன்னால் அவர்கள் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கை வைத்துப் பார்த்துவிடுவேன். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டிலேயே அப்படிச் செய்து, "மாப்பிள்ளை என்னத்த தேடுறாரு?" என்று மாமியாரைப் பதற வைத்திருக்கிறேன். உங்கள் அறை மூலையில் இருப்பதையும் வரும்போதே தொட்டேன். கொதிக்கிறது. சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்துப் பேசத் தெம்பு இல்லை.

ஃப்ரிட்ஜின் அடியில் கறுப்பாக ஓர் இரும்புக் குடுவை இருக்கும். கம்ப்ரஸர். அதற்குள் காயில் என்கிற செப்புக் கம்பிச் சுருளோடு ஒரு மோட்டார், ஒரு பம்பு. குளிர்ந்த வாயு உள்ளே திரும்பி வரும். பம்பு அதை அழுத்தி வெளியே தள்ளும். வரும் வாயு நேராகப் பம்புக்குப் போனால் நல்லது. போகாது. சூடான குடுவைக்குள் சுற்றித் திரிந்து, சூட்டை வாங்கிக்கொண்டு, உப்பிப்போய்த்தான் பம்புக்குள் நுழையும். உப்பிய வாயு ஒரு மூச்சில் கொஞ்சம்தான் கொள்ளும். மீதி மின்சாரம் வீண். எங்கள் தொழிலில் இதை வேண்டாத சூடு என்போம்.

அதைக் குறைப்பதில் பத்தொன்பது வருஷம் போயிற்று. என் மகள் எப்போது என் தோளுக்கு மேல் வளர்ந்தாள் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் வழி எளிதாக இருந்தது. வாயு வரும் வாயிலிலிருந்து பம்பு வரை ஒரு பிளாஸ்டிக் குழாய். சூடான வாயு வெளியேறும் குழாய்க்கு ஓர் உறை. நூற்றுக்கு ஒன்பது பங்கு மின்சாரம் மிச்சம். மேலாளர் என் தோளைத் தட்டினார். அன்றுதான் முதல் தடவை தட்டினார்.

ஒரு சங்கடம் இருந்தது. குடுவைக்குள் சுற்றித் திரிந்த அந்த வாயுதான் இத்தனை காலம் மோட்டாரைக் குளிர வைத்துக்கொண்டிருந்தது. நான் அதை நேர்வழியில் அனுப்பியதும் மோட்டார் கொஞ்சம் சூடாயிற்று. பெரிய குறை இல்லை. எந்தப் புதிய இயந்திரத்துக்கும் இப்படி ஒன்று இருக்கும்.

சோதனை அறைப் பொறுப்பில் இருந்தவன் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. அந்த வேலையை வாங்கிக்கொடுத்ததே நான்தான். ஐந்நூறு மணி நேர ஓட்டத்தில் பன்னிரண்டாம் நாள், சாப்பாட்டு வேளையில் என் எதிரே வந்து உட்கார்ந்தான். தட்டில் கை வைக்கவில்லை.

"மாமா, மோட்டார் காயில்ல இருக்க வேண்டிய சென்சார் எண்ணெய்ல கிடக்கு. சூடு கம்மியாத் தெரியட்டும்னு யாரோ மாத்தி வச்சிருக்காங்க."

"ஓ."

"சரியான எடத்துல வச்சுப் பாத்தேன். நூத்தி நாப்பத்தஞ்சு டிகிரி காட்டுது. நூத்தி முப்பதே அதிகம்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"நீங்கதான்னு தெரியும். நான் அத எழுதல. சூட்டை மட்டும் எழுதித்தான் ஆகணும். இது கடைக்கும் வீட்டுக்கும் போற மெஷின், மாமா."

"ஒரு நாள் குடு, மாப்ள."

"ஒரு நாள் என்ன, ரெண்டு நாள் எடுத்துக்கங்க," என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிடுங்க, ரொம்ப எளச்சுப் போயிட்டீங்க. அக்கா என்னத்தான் திட்டுது," என்றான்.

நல்லவன். அதை நான் மறைக்கவில்லை.

மறுநாள் காலை அவனுக்கு முன்னால் நான் போனேன். இயந்திரம் தானாக நின்றிருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன். காயில் கருகி இரும்போடு ஒட்டியிருந்தது. அந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால், குடுவையின் பக்கவாட்டில் ஒயர் இணையும் மூன்று முனைகளில் ஒன்று தெறித்துக்கொண்டு வரும். பின்னாலேயே எரியும் எண்ணெயும் வாயுவும் வரும். அதற்காகத்தான் முனைகளுக்கு மேல் ஒரு மூடி. மூடியைக் கழற்றிவிட்டு எதிரே நிற்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கும் பாடம்.

மீட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். சூடு மீறினால் மின்சாரத்தை நிறுத்தும் கட்-அவுட்டின் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்தேன். தூக்கம் வந்தது.

அவன் வந்ததும் சொன்னேன்: "முனையிலேயே வச்சு ஒரு தடவை அளந்துரு, மாப்ள. அதுக்கப்புறம் நீ என்ன எழுதினாலும் நான் கையெழுத்துப் போடறேன்."

"மூடியக் கழட்டணுமே மாமா?"

"ரெண்டு நிமிஷ வேலை. எல்லாம் பாத்துட்டேன், மெஷின் நல்லாத்தான் இருக்கு."

நான் சொன்னதால் கழற்றினான். குனிந்து, அளவுக் கருவியைப் பிடித்துக்கொண்டு, "போடுங்க மாமா," என்றான். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தேன். போட்டேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள்தான் உயிரோடு இருந்தான். என் மனைவி அவன் தலைமாட்டில் இருந்தாள்; நான் அவளுக்குத் துணையாக இருந்தேன். விசாரணைக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன்: விதியை மீறி மூடியைக் கழற்றியிருந்தார், அனுபவக் குறைவு. ஒயர் துண்டை அன்றே எடுத்துவிட்டேன். எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள். "நீங்க எவ்வளவு சொல்லியிருப்பீங்க, அவன் கேட்டாத்தானே," என்று இன்றைக்கும் எனக்குச் சாப்பாடு போடும்போது அழுகிறாள். நான் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பேன்.

அப்படியே போயிருக்கும். போன வாரம் விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. அதில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில், மோட்டாருக்குப் போதிய குளிர்ச்சி இல்லை, இயந்திர அமைப்பிலேயே பிழை, தயாரிப்பை நிறுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். நான்கு இரவுகள் நான் தூங்கவில்லை.

அது பிழை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். காயில் கருகியது தெரிந்தே அவனை அதன் எதிரே குனிய வைத்தவன் நான். சுவிட்சைப் போட்டவன் நான். கொன்றது நான், இயந்திரம் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கும் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள்.