அரக்கு விளக்கை அணைத்த இரு விரல்கள்

எங்கள் அஞ்சலகத்தின் பார்சல் பிரிவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் முறை தவறாது முத்திரையிட்டு, 14-9-1966 ஆகிய இன்று ஓய்வு பெறும் உயர்திரு சோலைச்சாமி அவர்களுக்கு, உடன் பணியாற்றும் ஊழியர்கள் உள்ளம் உருகி, உண்மையில் கொஞ்சம் உதறலோடும், படித்தளிக்கும் பாராட்டு மடல்.

அரக்கு மணக்கும் அறையின் அரணே!

கந்தகக் காற்று வீசும் இந்தக் கரிசல் சீமையில், எங்கள் கூரையைக் கரியாகாமல் காத்த காவலரே! அனுப்பலாகாதவற்றின் பட்டியலை அட்சரம் பிசகாமல் அறிந்தவரே! தீப்பெட்டியும் மத்தாப்பும் தெருவெல்லாம் கொட்டிக் கிடக்கும் ஊரில், தபால் பைக்குள் ஒரு திரி கூடப் போகவிடாத தீரரே! தங்களை வாழ்த்த வேண்டிய இந்நேரத்தில் எங்கள் கண் காலண்டரில் இருக்கிறது. தீபாவளிக்கு இன்னும் எட்டே வாரம். தாங்கள் அமர்ந்த நாற்காலியில் நாளைக் காலை அமரப்போகிறவன் இந்த மடலை எழுதும் கோட்டைச்சாமி. ஆகவே இதில் வாழ்த்தைவிடப் பயம் கூடுதலாக இருந்தால் சபையோர் பொறுத்தருள வேண்டும்.

விதிப்புத்தகத்தை எவரும் படிக்கலாம். வெடிக்கும் பொருள் கூடாது, தீப்பற்றும் பொருள் கூடாது, பார்சலைக் கெட்டித் துணியில் பொதிந்து நெருக்கமாகத் தைக்க வேண்டும், தையல் மேல் அரக்கு முத்திரை வேண்டும். இவ்வளவுதான் அச்சில் இருக்கிறது. அந்தத் துணி எங்கே கிடந்த துணி என்று கேட்கச் சொல்லி எந்தப் புத்தகத்திலும் இல்லை ஐயா! அதைக் கேட்கத் தொடங்கியவர் தாங்கள். தொடங்கிய நாளை இதுவரை தாங்கள் எவரிடமும் சொன்னதில்லை. இன்று நான் சொல்கிறேன்.

சீனச் சண்டை நடந்த வருடம், தீபாவளிக்கு முந்திய வாரம். வாசல் வரைக்கும் வரிசை. காலண்டர் கட்டுகள் அறையில் மச்சு முட்ட அடுக்கியிருந்தன. தாயில்பட்டி மூக்கம்மாள், பட்டாளத்தில் இருந்த தன் மகன் நாகையாவுக்கு ஒரு பார்சல் கொண்டுவந்தார். சோதித்துத் தங்களிடம் தள்ளிவிடும் வேலை என்னுடையது.

“உள்ள என்னம்மா?” என்று கேட்டேன்.

“முறுக்கும் அதிரசமுந்தேன் ஐயா. வெடிகிடி ஒண்ணுமில்லீக. எம்பிள்ள சண்டைக்குப் போயிருக்கான், அவனுக்கு எதுக்கு வெடி?”

அந்தப் பேச்சுக்குப் பிறகு அதிகம் துருவிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. தூக்கிப் பார்த்தேன், குலுக்கிப் பார்த்தேன், பலகாரம்தான். ‘சரி’ என்று சொல்லித் தங்கள் மேசைக்கு நீட்டினேன். விளக்கை ஏற்றி வைத்தவனும் நான்தான். தாங்கள் அரக்குக் குச்சியைச் சுடரில் காட்டினீர்கள். அரக்கு இளகி, எரிந்துகொண்டே ஒரு சொட்டு திரண்டது. அப்போது தங்கள் இடக்கை தையலைத் தடவியது. நின்றது. நகத்தில் வெள்ளிபோல ஏதோ மினுங்கியது.

பெருமானே! அந்தச் சொட்டு விழுந்திருந்தால்? தாங்கள் ஊதி அணைக்கவில்லை, ஊதினால் பொறி பறக்கும் என்று. சுடரையும் எரிகின்ற அரக்கையும் அப்படியே இரண்டு விரலால் நசுக்கினீர்கள். சதை பொசுங்கும் வாடை எனக்கு வந்தது. தங்கள் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

“தாயி, இந்தத் துணி ஏது?” என்று மட்டும் கேட்டீர்கள்.

“கம்பெனியில மருந்து சலிக்கிற எடத்துல விரிச்சுக் கெடந்தது ஐயா. பழசுன்னு குடுத்தாக. தொவச்சா வெறப்புப் போயிரும்னு நல்லா உதறித்தான் தைச்சேன். அம்புட்டுத் தூரம் போகணும்ல, கெட்டியா இருக்கட்டும்னு...”

விதியை அந்தத் தாய் மீறவில்லை. கெட்டித் துணி என்று கேட்டோம், தன் கையில் இருந்ததிலேயே கெட்டியானதைக் கொண்டுவந்தார். நாளெல்லாம் பட்டாசுக் கம்பெனி வெடிமருந்துக்குள் இருக்கிறவர் கண்ணுக்கு அந்தத் தூசி தூசியாகவே தெரியவில்லை. சோதிக்க உட்கார்ந்த என் கண்ணுக்கும் தெரியவில்லையே!

பார்சலை வாங்க மறுத்து அனுப்பியிருக்கலாம். தாங்களோ அதைக் கொல்லைப்புறம் கொண்டுபோய்ப் பிரித்து, அந்தத் துணியை வாளித் தண்ணீரில் அமுக்கி, தங்கள் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை உதறி, பலகாரத்தை அதில் பொதிந்து, வெந்த விரலோடு தாங்களே ஊசி பிடித்துத் தைத்தீர்கள். என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: “கோட்டைச்சாமி, வெளக்க அங்கன தள்ளி வைங்க.” அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. மேலதிகாரிக்கு ஓர் எழுத்து இல்லை. என் வேலையும் என் வீட்டு அடுப்பும் தங்கள் மௌனத்தில்தான் பிழைத்தன.

இரண்டு மாதம் கழித்து நாகையாவின் கடிதம் வந்தது. மூக்கம்மாளுக்கு எழுத்துத் தெரியாததால் நான்தான் படித்துக் காட்டினேன். முறுக்கெல்லாம் மாவாக வந்ததாம். ‘சுத்தி வந்த துண்டு நல்லாருக்கு ஆத்தா, இங்க குளிர் தாங்கல, கழுத்துல சுத்திக்கிட்டேன்’ என்று எழுதியிருந்தான். தாங்கள் அதைக் கேட்டுவிட்டு, “சரி, சரி, வரிசை நிக்குது” என்றீர்கள்.

பொறுமையின் உருவே! புகழை வேண்டாப் புண்ணியரே! தங்களுக்குப் பிள்ளைகள் நலமும் பேரர் செல்வமும் பெருகட்டும். தங்கள் சொந்த ஊரான ஆனைக்குட்டத்துக் காற்றில் அச்சமின்றி அமர்ந்து, நூறாண்டு நோயின்றி வாழுங்கள். அந்த அச்சம் முழுவதையும் எங்களிடம் விட்டுச் செல்கிறீர்கள். நான்கு ஆண்டுகளாக அரக்கு விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் என் கை தானாகப் பின்னால் போகிறது. நாளை அதை முன்னால் நீட்ட வேண்டும்.

இம்மடலைச் சட்டமிட்டு, கெட்டித் துணியில் பொதிந்து, விதிப்படி தைத்து முத்திரையிட்டிருக்கிறோம். படி ஒன்றை வைத்துத்தான் இப்போது வாசிக்கிறேன். தைத்தவனும் முத்திரையிட்டவனும் நான். துணியை இருமுறை துவைத்தேன், மூன்றுமுறை முகர்ந்தேன், தையலை நகத்தால் கீறிப் பார்த்தேன்.

ஐயா, மரியாதைக்காகச் சும்மா வாங்கிக்கொள்ளாதீர்கள். இந்தச் சபையிலேயே, அந்த இரண்டு விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தங்கள் அன்பில் நனைந்த,
அஞ்சலக ஊழியர்கள் அனைவர் சார்பாகவும்,
கோட்டைச்சாமி