சிவப்புக் கொடி நின்ற இடம்

குதிரையேறிப் பழகியவனுக்கு வயதாகும்போது முதலில் போவது இடுப்புதான். அதனால் நான் உட்கார்ந்தே சொல்கிறேன். இப்படிச் சுவரில் சாய்ந்துகொள்ள இடம் கொடுத்ததற்கு உங்களுக்குப் புண்ணியம். அவசரமில்லாமல் எழுதுங்கள் ஐயா. எனக்கும் வேறு வேலை இல்லை.

பெயர் பெரியநாயகம். சேவூரில் வீடு. ஆரணி மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். தினமும் வயல்வழியாக நடந்தோ, என் மட்டக்குதிரைமேல் ஏறியோ பள்ளிக்கூடம் போய் வந்தேன். சவாரி என் ஆசை. எனக்கிருந்த ஆசை அது ஒன்றுதான்.

சின்னதுரையை உங்களுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் இந்த ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்தவர். பட்டு வியாபாரி அருணகிரியின் ஒரே மகன். நல்ல பையன். இதை நான் ஒப்புக்குச் சொல்லவில்லை. அவனைக் குறை சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அவனிடம் இரண்டு உயர்ந்த சாதிக் குதிரைகள் இருந்தன. செம்பழுப்பு நிறப் பெட்டை சந்தனம், சாம்பல் நிற ஆண்குதிரை மேகம்.

அந்த வருஷம் மாசியில் வேலூர்ப் பட்டாளத்துத் துரைமார் சிலர் ஆரணிக் கோட்டை மைதானத்தில் குதிரைப் பந்தயம் வைத்தார்கள். வெறும் ஓட்டப் பந்தயம் இல்லை, மூன்று நாள் பரீட்சை. முதல் நாள், குதிரை சொன்னபடி நடக்கிறதா, நிற்கிறதா, திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டாம் நாள் ஆற்று மணல், அறுத்த வயல், வாய்க்கால், வரப்பு எல்லாவற்றையும் தாண்டிச் சேவூரைச் சுற்றி வரவேண்டும். மூன்றாம் நாள் மைதானத்தில் கட்டிவைத்த தடிகளைத் தாண்ட வேண்டும். மூன்றையும் சேர்த்துத்தான் பரிசு. சம்பளத்துக்குக் குதிரையேறுகிறவர்கள் சேரக்கூடாது, ஆசைக்கு ஏறுகிறவர்கள் மட்டும் வரலாம் என்று விதி. எனக்காகவே எழுதிய விதி போலிருந்தது.

பந்தயத்துக்குச் சில நாள் முன்பு என் மட்டக்குதிரை குளம்பில் முள் ஏறி நொண்டியது. சின்னதுரை அதைத் தெருவில் பார்த்தான்.

"இன்னா வாத்தியாரே, நொண்டிகினு கீதே? நீங்க பேஜார் படாதீங்க. என் சந்தனத்த எடுத்துக்கோங்க. நான் மேகத்து மேல வரேன்."

அவ்வளவுதான். ஒரு குடை கொடுப்பதுபோல் கொடுத்தான். நான் நன்றி சொன்னேன். கடைத்தெருவில் அவன் அப்பாவைப் பார்த்தபோது மறுபடியும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் மற்ற வாத்தியார்கள், "சின்னதுரை குணம் யாருக்கு வரும்!" என்றபோது, ஆமாம் என்றேன். சேணம் அவனுடையது, கொள்ளு அவனுடையது. தினமும் விடிகாலையில் மைதானத்துக்கு வந்து நான் உட்காரும் விதத்தையும் திருத்தினான்.

"முட்டிய இறுக்காதீங்க வாத்தியாரே. அது மெரளும். வுட்டுப் புடிங்க."

கேலியாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்பாகச் சொன்னான். சொன்னது சரியாகவும் இருந்தது. கொடுக்கிறவன் மறந்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறான் ஐயா. வாங்கினவனுக்குத்தான் ஓய்வில்லை. முகத்தை எப்போதும் மலர்த்தி வைத்திருக்க வேண்டும். எனக்குத் தாடை வலித்தது. உண்மையிலேயே வலித்தது.

முதல் நாள் பரீட்சையில் சின்னதுரை முதலாவது. நான் இரண்டாவது. "நாளைக்கு நீங்கதான் பாருங்க" என்று அவன் என் தோளைத் தட்டினான்.

இரண்டாம் நாள் ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு அனுப்பினார்கள். மற்றவர்களுக்குப் பின் நான் போனேன், கடைசியாக அவன். வழியை யாருக்கும் முன்கூட்டிக் காட்டவில்லை. எங்கெங்கே தாண்ட வேண்டுமோ அங்கங்கே சிவப்புக் கொடி நட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளை நிறுத்தியிருந்தார்கள். கொடியை ஒட்டித் தாண்டினால் போதும்.

நான் மைதானத்துக்குத் திரும்பினேன். சின்னதுரை வரவில்லை. அவன் ஒருவன்தான் பாக்கி, வெகுநேரம் ஆகியும் காணோம். துரைமார் கேட்டார்கள். மேகம் தண்ணீரைக் கண்டால் முரண்டு பிடிக்கும், ஆற்றிலேயே நின்றிருக்கும், ஆள் அனுப்ப வேண்டியதில்லை என்றேன். அவர்கள் சிரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன்.

பொழுது சாயும்போதுதான் கண்டுபிடித்தார்கள். சேவூரில் ஓர் உயரமான வரப்பு, அதன் மறுபுறம் கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய பாசனக் கிணறு, சுற்றிலும் எருக்கஞ்செடி. குதிரையும் அவனும் அதற்குள் கிடந்தார்கள். குதிரைக்குக் கழுத்து ஒடிந்திருந்தது. அவனுக்கு அப்படி ஒன்றும் ஒடியவில்லை. நகக்கண்களில் சுண்ணாம்புக்காரை இருந்தது.

மூன்றாம் நாள் பரீட்சையை நிறுத்திவிட்டார்கள். இருந்த மதிப்பெண்ணை வைத்து எனக்குப் பரிசு கொடுத்தார்கள். காரியம் முடிந்தபின் அருணகிரி என்னைக் கூப்பிட்டுச் சந்தனத்தின் கயிற்றை என் கையில் வைத்தார். "எம்மவன் கொடுத்தது. உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று அழுதார். அவருக்கும் நன்றி சொன்னேன்.

அந்த வரப்புக் கொடிக்கு நின்ற ஆள் தருமன். சேவூரில் கூலி வேலை செய்கிறவன். கொடி கிணற்றுக்கு நேராக நின்றது, ஆளைக் காணோம். அஜாக்கிரதையால் உயிர் போனதற்கு அவன்மேல் வழக்குப் போட்டார்கள். கோர்ட்டில் அவன், "வாத்தியார் ஐயாதாங்க மடையாண்ட மாடு வருது, போயி ஓட்டிட்டு அங்கியே காவலு நில்லுன்னாரு. போனேங்க" என்றான். என்னைக் கேட்டார்கள். மாட்டைப் பார்த்துக்கொள் என்று பொதுவாகச் சொன்னேன், கொடியை விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை என்றேன். நிதானமாகத்தான் சொன்னேன். தருமன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையை ஆட்டி, "ஆமாங்க, ஐயா பொய் சொல்ல மாட்டாரு. நான்தான் சரியா காதுல வாங்கல. கொடியகூட மாத்தி நட்டுட்டனோ இன்னாவோ" என்றான். அவன் தன்னைத்தானே நம்பவைத்துக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். வகுப்பில் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவை அழுத்திக் கேட்டால் சரியான விடையைக்கூட அழித்துவிடுவார்கள்.

ஜெயில் தண்டனை கொடுத்தார்கள். அவன் மனைவி செல்லியம்மாள் என்னிடம் வந்தாள். புருஷனை விடச் சொல்லி ஒரு மனு எழுதித் தரவேண்டும் என்றாள். எழுதினேன். நல்ல மனு. கூலி வாங்கவில்லை. அதற்குப் பதில் வருவதற்குள் தருமன் காய்ச்சலில் ஜெயிலிலேயே போய்விட்டான்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. செல்லியம்மாள் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். சந்தனத்துக்கு ஒரு கட்டுப் புல் கொண்டுவந்து போடுவாள், வாசலைக் கூட்டுவாள். வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

"எங்களுக்குனு யாருங்க காயிதம் எழுதுவாங்க? நீங்க எழுதனீங்களே. அவரு சாவற நேரத்துலகூட ஐயா எழுதியிருக்காருன்னு தெம்பாத்தான் இருந்தாராம். கூட இருந்தவங்க சொன்னாங்க."

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். தாடை வலிக்கும் சிரிப்பு இல்லை அது. மனசாரச் சிரிக்கிறாள். அதைத் தினமும் பார்க்க என்னால் ஆகவில்லை. களைத்துப்போனேன் ஐயா. இன்று காலை அவள் புல்லை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. எழுந்து நேரே இங்கே வந்துவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள். முதல் நாள் பரீட்சை முடிந்த அன்று மாலையே அந்த வரப்பில் கொடிக்குக் குழி தோண்டியிருந்ததை வீட்டுக்குப் போகும் வழியில் பார்த்தேன். கிணறு எங்கே இருக்கிறது என்பது தினமும் நடக்கிற எனக்குத் தெரியும். சின்னதுரைக்குத் தெரியாது. மறுநாள் தருமனை மடைப்பக்கம் அனுப்பியது நான். மாடு எதுவும் வரவில்லை. கொடி நின்ற இடத்தில் ஒழுங்காகத் தாண்டினேன். இறங்கி, கொடியைப் பிடுங்கிக் கிணற்றுக்கு நேராக ஊன்றினேன். கொஞ்ச தூரம் போய்ப் பனைமர நிழலில் சந்தனத்தை நிறுத்தினேன். அதற்கு மூச்சு வாங்கியது.

மேகத்தின் குளம்புச் சத்தம் வந்தது. பிறகு வரவில்லை. சந்தனம் காதை விறைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தது. கிணற்றுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. உதவிக்கு யாரையோ கூப்பிடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் தெளிவாகக் கேட்டது. "வாத்தியாரே, அந்தப் பக்கம் கெணறு கீது, பாத்துப் போங்க" என்று கத்திக்கொண்டிருந்தான். நான் இன்னும் அந்த வரப்புக்கு வரவில்லை, எங்கோ பின்தங்கிவிட்டேன், தான்தான் என்னை முந்திவிட்டோம் என்று நினைத்திருக்கிறான்.

என் சேணத்தில் நீளமான கயிறு இருந்தது. எனக்கு அது நினைவிருந்தது. முட்டியை இறுக்காமல், அவன் சொல்லிக்கொடுத்தபடி விட்டுப் பிடித்துப் புறப்பட்டேன். போகப்போகச் சத்தம் குறைந்தது.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தருமனையும் சேர்த்து எழுதினாலும் சரி. ஆனால் பந்தயத்தில் மோசம் செய்து ஜெயித்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அன்றைக்கு என்னைவிட நன்றாகச் சவாரி செய்து வந்து சேர்ந்தவர் ஒருவருமில்லை.