மாமியாரைச் சாகடித்து லீவு எடுத்தவள்

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் துலுக்கானம் அண்ணன் அவர்களே! கம்பெனி சார்பில் வந்து மேடையில் அமர்ந்திருக்கும் பொது மேலாளர் வரதன் சார் அவர்களே! முன்வரிசையில் இருக்கும் தாட்சாயிணியின் மாமியார் வேம்புலியம்மாள் அவர்களே! தாட்சாயிணியின் மகள் கவிப்பிரியா! அம்பத்தூர் எஸ்டேட்டில் என்னோடு நாள் முழுக்க மிஷின் மிதித்துவிட்டு, இன்று காலை இந்தப் பூந்தமல்லி மண்டபத்தில் வந்து நிறைந்திருக்கும் என் தையல் பிரிவுப் பெண்களே! மூன்றாவது லைன் சூப்பர்வைசர் வனஜாவின் வணக்கம்.

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். தோழர் தாட்சாயிணி பொறுமையின் சிகரம் என்றார் ஒருவர். அமைதியே உருவானவர் என்றார் இன்னொருவர். யார்? தாட்சாயிணியா? அமைதியா? பதினெட்டு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் சொல்கிறேன், அவளுக்கு அந்த இரண்டும் சுத்தமாகக் கிடையாது. மேடையில் 'அவர்' என்று சொல்வதுதான் மரியாதை. ஆனால் எனக்கு அவள் 'அவள்'தான், மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டரை வருடத்துக்கு முன்னால், ஒரு நாள் லீவு வேண்டும் என்று அவள் என்னிடம் வந்தாள். காரணம் கேட்டேன். சொந்த வேலை என்றாள். ஷிப்மென்ட் முடியட்டும் என்றேன். அடுத்த மாதம் வந்தாள். இந்த ஷிப்மென்டும் முடியட்டும் என்றேன். குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லாதது அவள் தப்பு என்று நானும் ரொம்ப நாள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். சொல்லும்படியான முகத்தோடு நான் இருந்தேனா? இல்லை, நான் அப்படி இல்லை.

நம் கம்பெனியில் எந்த லீவுக்குக் கேள்வி கிடையாது? சாவுக்கு! இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் லீவுக்காக ஒரு சொந்தக்காரரையாவது சாகடிக்காதவர் யார்? கை தூக்குங்கள் பார்ப்போம். பாருங்கள், ஒரு கைகூட எழவில்லை! தாட்சாயிணியும் அந்த வழிக்கே வந்தாள். பரிசோதனைக்காக ஊசி போட்டுச் சதை எடுத்த அன்று, பட்டாபிராமில் இருந்த பெரியம்மா செத்தார். ரிசல்ட் வாங்கப் போன அன்று ஒரு சித்தப்பா. அடுத்ததாக ஆஸ்பத்திரியில் மூன்று நாள் தங்க வேண்டும் என்றார்கள். அவள் மாமியாரைச் சாகடித்தாள்.

மாமியார் சாவு என்றால் லைனே போக வேண்டும் இல்லையா? அதுதானே நம் வழக்கம்? ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஆறடி ரோஜா மாலை வாங்கிக்கொண்டு, பதினோரு பேர் ஷேர் ஆட்டோவில் பாரிவாக்கம் போனோம். வாசலில் பந்தல் இல்லை, மேளம் இல்லை. கதவைத் தட்டினேன். இதோ முன்வரிசையில் இருக்கிறாரே, இந்த வேம்புலியம்மாள்தான் வெங்காயம் உரித்த கையோடு வந்து கதவைத் திறந்தார்.

"இன்னாம்மா, மாலையெல்லாம் எடுத்துகினு வந்துகிறீங்க? யாருக்கு?"

"தாட்சாயிணியோட மாமியார் தவறிட்டாங்கன்னு..."

"நான்தாம்மா அவ மாமியா! எப்போ செத்தேன்?"

"நேத்து சாயந்தரம்னு சொன்னா."

அவர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "அவ ஆஸ்பத்திரில கீறாம்மா. மார்ல கட்டி. நாளைக்கு அறுக்கறாங்க. யார் கையிலயும் சொல்லக் கூடாதுன்னு என் மேல சத்தியம் வாங்கிகினு பூட்டா" என்றார். பதினோரு பேரும் அந்த மாலையைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்று அழுதோம். அக்கம்பக்கத்துக்காரர்கள் இவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தார்கள். காசு கொடுத்து வாங்கியதை வீணாக்குவானேன் என்று இவர் அந்த மாலையைத் தெருமுனை அம்மனுக்கு அனுப்பிவைத்தார்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிலில் படுத்திருந்தவள் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "அத்தைக்கு மாலை எப்டி கீதுன்னாங்க மேடம்?" ஏண்டி இப்படிச் செய்தாய் என்றேன். "சின்ன சாவுக்கு அரை நாள்தானே குடுக்கறீங்க? ஆஸ்பத்திரில மூணு நாள் கேட்டாங்க. ஊட்ல பெருசா யாரு கீறாங்கன்னு பார்த்தேன், அத்தைதான் கெடச்சாங்க" என்றாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். சிரித்துவிட்டேன். டாக்டர் எட்டு மாதம் தாமதம் என்று சொன்னதைக் கேட்ட பிறகு வராந்தாவில் நின்று அழுதேன். அந்த எட்டு மாதத்தில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஒரு மார்பு போனது, தலைமுடி போனது. அவள் வாய் போனதா? மொட்டைத் தலையில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். "சடை பின்ற நேரம் மிச்சம் மேடம், கால் மணி நேரம் கூட தூங்கறேன். மெட்ரோ தோண்டற தூசி முடில ஏறாது. பேன் கெடையாது. நோவுன்னா இவ்ளோ வசதின்னு யாருமே சொல்லலியே" என்றாள். அவளைப் பார்த்துப் பரிதாபப்பட வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

நம் கேட் உங்களுக்குத் தெரியும். ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது துணி திருடுகிறோமா என்று நானூறு பெண்களையும் கைவைத்துத் தடவுவார்கள். எத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம்! தாட்சாயிணி கட்டிங் டேபிளில் விழுந்த வெட்டுத் துணியை எடுத்து, உள்ளே பஞ்சு வைத்து, எடை சரியாக இருக்க ஒரு பிடி கேழ்வரகு போட்டு, தனக்கு ஒரு மார்பு தைத்து வைத்துக்கொண்டாள். அளவு அவ்வளவு கச்சிதம். ஒருநாள் செக்யூரிட்டி அஞ்சலையின் கை அதன் மேல் போய் நின்றது.

"இன்னாது இது? உள்ள இன்னா வச்சிகினு கீற?"

தாட்சாயிணி அதை வெளியே எடுத்து, எல்லோர் முன்னாலும் மேஜை மேல் வைத்தாள். "கம்பெனி துணிதான். ஆமா, எடுத்தேன். நோட்டுல எழுதிக்கோ. ஆனா இந்த எடத்துல முன்னாடி ஒண்ணு இருந்திச்சே, என்னோடது. லீவு குடுக்காம அது போச்சே, அதை எந்த நோட்டுல எழுதுன?"

அஞ்சலை பாவம், அவளும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவள்தான். கையை எடுத்துக்கொண்டு அழுதாள். மறுநாள் நானூறு பேரும் உடம்பில் கை வைக்க விடமாட்டோம் என்று கேட்டிலேயே உட்கார்ந்தோம். துலுக்கானம் அண்ணன் மூன்று நாள் பேச்சுவார்த்தை நடத்தினார். அன்றிலிருந்து பைச் சோதனை மட்டும்தான். "ஒரு மாரைக் குடுத்து நானூறு பேரு மானத்தை வாங்கிட்டேன். நல்ல பேரம் மேடம்" என்றாள் அவள். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவளுக்கு அதுதான் பிடிக்கும்!

ஆனால் அவள் கேட்டது அதோடு முடியவில்லை. நாற்பது வயது தாண்டிய ஒவ்வொரு பெண்ணுக்கும் வருடத்துக்கு ஒரே ஒரு நாள், மார்பகப் பரிசோதனைக்குச் சம்பளத்தோடு லீவு. மனு கொடுத்து பதினோரு மாதம் ஆகிறது. பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அதற்குள் நோய் எலும்புக்குப் போய்விட்டது. வரதன் சார் சற்று முன்னால், முதலுதவி அறைக்குத் தாட்சாயிணியின் பெயரை வைப்போம் என்று அறிவித்தார். நன்றி சார். ஆனால் வேண்டாம். அவள் பெயரைப் பலகையில் எழுதி ஆணி அடிக்க ஆகும் நேரத்தில் அந்த மனுவில் ஒரு கையெழுத்துப் போடலாம். அதைத்தான் கேட்கிறோம்!

போன வாரம் அவளைப் பார்க்கப் போனேன். பேச்சு மெதுவாகத்தான் வந்தது. "நான் செத்தா கம்பெனில எவ்ளோ லீவு குடுப்பாங்க மேடம்?" என்றாள். வாயைக் கழுவுடி என்றேன். விடவில்லை. அரை நாள் கொடுப்பார்கள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். "எல்லாருக்குமா?" எல்லோருக்கும்தான் என்றேன். "அப்போ அழுதுகினு உக்காராதீங்க. அந்த அரை நாள்ல எல்லாரையும் டெஸ்டுக்கு இட்டுகினு போங்க. இவ்ளோ நாளா அடுத்தவங்க சாவுல லீவு எடுத்தேன், என் சாவாவது எல்லாருக்கும் உபயோகமா போவட்டும்."

பெண்களே! கம்பெனி கொடுத்த அந்த அரை நாள்தான் இது, இப்போது மணி பத்தரை. இந்த மண்டபத்துக்கு வெளியே சங்கம் ஏற்பாடு செய்த மூன்று வேன்கள் நிற்கின்றன. ஆவடியில் பரிசோதனை மையத்தில் டாக்டர் தேவிப்பிரியா நமக்காகக் காத்திருக்கிறார். இடம் அறுபது பேருக்குத்தான். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இன்று வாருங்கள். மீதிப் பேரை லீவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நான் கூட்டிப் போவேன், என் லைனிலிருந்து லீவு கேட்கும் எந்தப் பெண்ணிடமும் இனி காரணம் கேட்க மாட்டேன். அதற்காக என் வேலை போனால் போகட்டும்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இதுவரை ஒருமுறைகூட நான் பரிசோதனைக்குப் போனதில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நேரம் இருந்தது, பயம்தான் அதிகம். இப்போதும் பயம்தான். இருந்தாலும் முதல் ஆளாக நான் ஏறுகிறேன்.

மௌன அஞ்சலி வேண்டாம் அண்ணே. ஒரு நிமிடம் சும்மா நிற்பது அவளுக்கு ஆகாது, வேனில் போகும்போது அவளைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறோம்.

வரதன் சார், அரை நாள் முடிந்து மத்தியானம் நாங்கள் வந்து சேராவிட்டால், எங்கே போனார்கள் என்று ரிஜிஸ்டரில் ஒரு காரணம் எழுத வேண்டி வரும். சாவுக்குப் போயிருக்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தமுறை அது பொய்யில்லை.