ஆறாவது நாற்காலி

தங்கச்சி: ...பரண்லயும் இல்ல.

அண்ணன்: நல்லாப் பாத்தியா?

தங்கச்சி: பாத்தேன். பாஸ்போர்ட் கிடைக்கல, தும்மல்தான் கிடைச்சுது. நீ பீரோவைப் பாத்தியா?

அண்ணன்: மூணு தடவை.

தங்கச்சி: மேல் தட்டு?

அண்ணன்: மேல் தட்டு, கீழ் தட்டு, உங்க அண்ணியோட துணி மடிப்பு, எல்லாம். சாயங்காலம் அவ வேலையிலேர்ந்து வந்து பாத்தா எனக்கு இருக்கு.

தங்கச்சி: அது என்ன கால் முளைச்சா போயிடுச்சு?

அண்ணன்: போயிருக்கும். உன் பாஸ்போர்ட்தானே. உன்னை மாதிரியே ஒரு இடத்துல நிக்காது.

தங்கச்சி: கிண்டலா?

அண்ணன்: தெம்பு இல்லம்மா கிண்டல் பண்ண. நாலு நாளா இதே வேலை.

தங்கச்சி: மணி என்ன?

அண்ணன்: ஒண்ணே கால்.

தங்கச்சி: மூணு மணிக்கு டாக்ஸி வந்துடும்.

அண்ணன்: வரட்டும். டாக்ஸிக்காரர் பாஸ்போர்ட் கேக்க மாட்டார்.

தங்கச்சி: ஏர்போர்ட்ல கேப்பாங்களே.

அண்ணன்: கேப்பாங்க... ஏய், அந்த நாற்காலியில உக்காராதே.

தங்கச்சி: கால் வலிக்குதுண்ணா. காலையிலேர்ந்து ஏணியில ஏறி இறங்கியிருக்கேன்.

அண்ணன்: இந்த ஸ்டூல்ல உக்காரு. அது பல் டாக்டரோடது. பஞ்சு அடைச்சு, புதுத் துணி போட்டு வெச்சிருக்கேன்.

தங்கச்சி: ஆறு நாற்காலியில அஞ்சு நேத்தே வண்டியில போயிடுச்சே. இது மட்டும் ஏன் இங்க குந்தியிருக்கு?

அண்ணன்: கால் ஆடுது.

தங்கச்சி: ஆடலையே.

அண்ணன்: நீ உக்காந்தா எப்படி ஆடும்? காத்தடிச்சாப் பறக்கற உடம்பு. பல் பிடுங்க வர்றவன் உக்காந்து பயத்துல ஆட்டுவான் பாரு, அப்ப தெரியும்.

தங்கச்சி: நான் இங்கதான் உக்காருவேன். நாலு நாளா இதுலதான் உக்காந்திருக்கேன், இப்ப என்ன புதுசா?

அண்ணன்: ...சரி, உக்காரு. டீ குடிக்கறியா?

தங்கச்சி: வேண்டாம். ரேடியோவைக் கொஞ்சம் குறையேன்.

அண்ணன்: செய்தி.

தங்கச்சி: தெரியும். அதனாலதான் குறைக்கச் சொல்றேன்.

அண்ணன்: நீ வேலை பாக்கற நாட்டை நம்ம கவர்மென்ட்ல சிவப்புல சேத்துட்டாங்களாம். நேத்து வரைக்கும் ஆரஞ்சு.

தங்கச்சி: சிவப்புன்னா?

அண்ணன்: ஆரஞ்சுன்னா ‘அவசியம் இல்லாம போகாதீங்க’. சிவப்புன்னா ‘போகவே போகாதீங்க, மீறிப் போனா எங்களைக் கேக்காதீங்க’.

தங்கச்சி: ‘கேக்காதீங்க’ன்னா சொன்னாங்க?

அண்ணன்: அவங்க பாஷையில சொன்னாங்க. ‘சொந்தப் பொறுப்பில்’.

தங்கச்சி: அவங்களுக்கென்ன, கலர் மாத்திட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. அங்க எட்டு மெஷின் ஓடுது. ஒரு மெஷின்ல ஒரு நாளைக்கு மூணு பேர். கிட்னி வேலை செய்யாதவனுக்கு ரத்தம் சுத்தம் பண்றது அவசியமா இல்லையான்னு எந்தக் கலர்ல எழுதுவாங்களாம்?

அண்ணன்: என்கிட்ட ஏன் கத்தறே?

தங்கச்சி: கத்தல. அசதியா இருக்கு.

அண்ணன்: ...ஆஸ்பத்திரியிலேர்ந்து எதாவது சொன்னாங்களா?

தங்கச்சி: நாளைக்குள்ள வேலையில சேரணும். இல்லன்னா வேற நர்ஸைப் போட்டுக்குவாங்க. தப்பும் சொல்ல முடியாது. ஏற்கெனவே பாதிப் பேர் ஊரைப் பாத்துக் கிளம்பிட்டாங்க.

அண்ணன்: கிளம்பினவங்க எல்லாம் புத்தி இல்லாதவங்களா?

தங்கச்சி: நான் அப்படிச் சொன்னேனா? புள்ளகுட்டி இருக்கறவங்க போறாங்க. எனக்கு யாரு?

அண்ணன்: ஆமா. நாங்கள்லாம் வாடகைக்கு வந்தவங்க.

தங்கச்சி: ஐயோ அண்ணா...

அண்ணன்: சரி விடு. ஒண்ணு கேக்கறேன். ‘பாஸ்போர்ட் தொலைஞ்சு போச்சு’ன்னு நீ ஏன் இன்னும் புகார் குடுக்கல?

தங்கச்சி: எதுக்கு?

அண்ணன்: திங்கட்கிழமை காணாமப் போச்சு. இன்னைக்கு வெள்ளி. வேற யாரா இருந்தாலும் அன்னைக்கே போலீஸ் ஸ்டேஷன், பாஸ்போர்ட் ஆபீஸ்னு அலைஞ்சிருப்பாங்க. நீ பரணையே சுத்திச் சுத்தி வர்றே.

தங்கச்சி: வீட்டுக்குள்ளதானே இருக்கும். வீட்டுக்குள்ள இருக்கறதுக்குப் போய் போலீஸைக் கூப்பிடுவாங்களா?

அண்ணன்: வீட்டுக்குள்ளதான் இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?

தங்கச்சி: ...உனக்குத் தெரியாதா?

அண்ணன்: எனக்கு எப்படித் தெரியும்?

தங்கச்சி: அதானே. உனக்கு எப்படித் தெரியும்.

அண்ணன்: இரு, ஃபோன் அடிக்குது. அலோ... ஆமா சார். அஞ்சு வந்துடுச்சா?... ஆறாவதா? அது வந்து... கால் ஆடுது சார்... இல்ல சார், ரெண்டு நாள்... என்னது, நின்னுக்கிட்டிருக்காரா? ஒரு பேஷன்ட் நின்னா ஒண்ணும் ஆகாது சார், உக்காந்ததும் எப்படியும் அலறத்தான் போறார்... வெச்சுடறேன் சார்.

தங்கச்சி: இருபது வருஷத்துல நீ சொன்ன தேதிக்குக் குடுக்காம இருந்ததே இல்ல.

அண்ணன்: எல்லாத்துக்கும் முதல் தடவைன்னு ஒண்ணு இருக்குல்ல.

தங்கச்சி: கையைக் காட்டு.

அண்ணன்: எதுக்கு?

தங்கச்சி: காட்டேன். இடது உள்ளங்கை... பரவாயில்ல, தழும்பு நல்லா ஆறியிருக்கு.

அண்ணன்: உளி இறங்கினது. நீதானே தச்சே. இதே அறையில, வாசல் பக்கம் வெளிச்சத்துல.

தங்கச்சி: நீ போட்ட கூச்சல்ல பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்துட்டார்.

அண்ணன்: பின்ன? ஒரே நூலா ஓட்டிட்டுப் போவேன்னு பாத்தா, ஒவ்வொரு குத்துக்கும் ஒரு முடிச்சு, ஒரு வெட்டு. ஒரு முடிச்சு, ஒரு வெட்டு. என் கடையில அப்படித் தச்சா ஒரு சோபாவுக்கு ஒரு மாசம் ஆகும்.

தங்கச்சி: உன் சோபாவுக்கு வலிக்காது. எங்க தையல்ல ஒண்ணு அறுந்தாலும் பக்கத்து முடிச்சு பிடிச்சுக்கும். உன்னுது ஒரு இடத்துல பிரிஞ்சா ஓட்டமா ஓடிடும்.

அண்ணன்: என் தையல் பிரியாது. நூல் நுனியை உள்ள இழுத்து மறைச்சுடுவேன். முடிச்சு எங்கன்னு எனக்கே தெரியாது.

தங்கச்சி: எப்பவுமா?

அண்ணன்: எப்பவும்.

தங்கச்சி: ம்.

அண்ணன்: என்ன ‘ம்’?

தங்கச்சி: ஒண்ணுமில்ல.

அண்ணன்: நான் ஒண்ணு கேட்டா உண்மையைச் சொல்லுவியா?

தங்கச்சி: கேட்டுப் பாரு.

அண்ணன்: குண்டு வெடிச்சது ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தெரு தள்ளின்னு சொன்னே.

தங்கச்சி: ஆமா.

அண்ணன்: மூணு வாரத்துக்கு முன்னாடி நீ வந்து இறங்கினப்ப உன் கால்ல ஆஸ்பத்திரி ரப்பர் செருப்பு. சொந்தச் செருப்பு எங்கன்னு உங்க அண்ணி கேட்டா, ‘அறுந்து போச்சு’ன்னே. ரெண்டும் ஒரே நாள்ல அறுந்துச்சா?

தங்கச்சி: ரெண்டு தெரு தள்ளி இல்லண்ணா. குண்டு வெடிச்சது ஆஸ்பத்திரி கேட் பக்கத்துல. பஸ் ஸ்டாப்ல.

அண்ணன்: நீ எங்க இருந்தே?

தங்கச்சி: பஸ்ஸை விட்டு இறங்கி, பழக்கடையைத் தாண்டி... பத்தடி. ஓடினேன். செருப்பு எங்க கழண்டுச்சுன்னு தெரியல. உள்ள போய்க் கையைக் கழுவிட்டு, முதல் பேஷன்ட்டுக்கு ஊசி போட்டேன். அன்னைக்குக் கை நடுங்கலண்ணா. அதுதான் ஆச்சரியம்.

அண்ணன்: இப்ப?

தங்கச்சி: இப்ப என்ன?

அண்ணன்: இப்ப நடுங்குதா?

தங்கச்சி: நீ எதுக்கு இதெல்லாம் கேக்கறே? ‘போகாதே’ன்னு ஒரு வார்த்தை சொல்றதுதானே. வந்த நாளா நீ சொல்லவே இல்ல.

அண்ணன்: சொன்னா கேப்பியா?

தங்கச்சி: மாட்டேன்.

அண்ணன்: அப்புறம்?

தங்கச்சி: கேக்க மாட்டேன்தான். ஆனா சொல்லலாம்ல.

அண்ணன்: நர்ஸ் படிக்கப் போகாதேன்னு சொன்னேன், போனே. வெளிநாடு வேண்டாம்னேன், போனே. ரெண்டு தடவையும் நீ பண்ணினதுதான் சரி. மூணாவது தடவை எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?... உன் ஃபோன் ரொம்ப நேரமா விட்டு விட்டு மினுங்குது. யாரு?

தங்கச்சி: கடிகாரக்காரர்.

அண்ணன்: எந்தக் கடிகாரக்காரர்?

தங்கச்சி: மூணாம் நம்பர் மெஷின். கடிகாரம் ரிப்பேர் பண்றவர். செவ்வாய், வியாழன், சனி வருவார். காலையிலேர்ந்து அனுப்பிக்கிட்டிருக்கார்.

அண்ணன்: என்ன எழுதியிருக்கார்?

தங்கச்சி: அவங்க பாஷையில இருக்கு.

அண்ணன்: நம்ம பாஷையில சொல்லு.

தங்கச்சி: ‘நாளைக்கு சனிக்கிழமை. புதுப் பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா நேத்து மூணு தடவை குத்தினா, நாலாவது தடவைதான் நரம்பு கிடைச்சுது. கை வீங்கி இருக்கு, கடிகார வேலை ஓடல. உனக்கு வர இஷ்டமில்லன்னா வராதே. வர்றதா இருந்தா மட்டும் சொல்லு. நாளைக்கு வேற யார்கிட்டயும் கையைக் காட்டாம உனக்காக வெச்சிருக்கேன்.’

அண்ணன்: உனக்காகவா வெச்சிருக்கார்?

தங்கச்சி: இப்படி ஒருத்தர் இல்ல. இருபத்தி நாலு பேர்.

அண்ணன்: நீ என்ன பதில் போட்டே?

தங்கச்சி: போடல. என்ன போடறது? ‘பாஸ்போர்ட்டைக் காணோம், தேடிக்கிட்டிருக்கேன்’னா? அதுதானே உண்மை.

அண்ணன்: எழுந்திரு.

தங்கச்சி: எதுக்கு?

அண்ணன்: எழுந்திருன்னா எழுந்திரு.

தங்கச்சி: கால் வலிக்குதுன்னு சொன்னேன்ல.

அண்ணன்: தங்கச்சி, நான் ஒரு பாவம் பண்ணிட்டேன்.

தங்கச்சி: இப்ப ஒண்ணும் சொல்லாதே. டாக்ஸிக்கு ஃபோன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிடறேன். பாஸ்போர்ட் கிடைக்கல, அவ்வளவுதான். யார் மேலயும் தப்பில்ல.

அண்ணன்: என் மேல தப்பு. அந்த ஃபோனைக் கீழ வை.

தங்கச்சி: வேண்டாம்ணா...

அண்ணன்: திங்கட்கிழமை உன் கைப்பையிலேர்ந்து நான்தான் எடுத்தேன். எங்க வெச்சாலும் நீ கண்டுபிடிச்சுடுவே. அதான் இந்த நாற்காலி சீட்டுக்குள்ள, பஞ்சுக்கு நடுவுல வெச்சுத் தச்சுட்டேன்.

தங்கச்சி: ...

அண்ணன்: திட்டு. ஏன் சும்மா இருக்கே? நாலு நாளா உன் கூடவே நானும் பரண் ஏறித் தேடினேன். திருடனே தேடின கதை. ஃப்ளைட் போயிட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். நீ நாலு நாள் என் மூஞ்சியில முழிக்க மாட்டே. பரவாயில்ல, இருப்பேல்ல... ஆனா அந்த மனுஷன் கையை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். அதுக்கு மேல ஒளிச்சு வைக்க என்னால முடியல. எழுந்திரும்மா.

தங்கச்சி: நீ இன்னும் கொஞ்சம் பிடிவாதமா இருப்பேன்னு நினைச்சேன்.

அண்ணன்: என்னது?

தங்கச்சி: ஒண்ணுமில்ல. எழுந்துட்டேன். எடுத்துக்கோ.

அண்ணன்: அந்தக் கத்திரிக்கோலைக் குடு. கவலைப்படாதே, ஒரு நிமிஷ வேலை. சீக்கிரம் பிரிக்கணும்னே முடிச்சை வெளியில விட்டு வெச்சேன். பின்பக்கம், இடது மூலையில... ஒரு இழு இழுத்தா மொத்தமும்... எங்க போச்சு? இங்கதானே விட்டேன்... இது என்ன, ஒவ்வொரு குத்துக்கும் ஒரு முடிச்சு? ஒண்ணு, ரெண்டு, மூணு... இது என் தையல் இல்லையே...

தங்கச்சி: என்னுதுண்ணா. முடிச்சு வெளியில நிக்கறதை அன்னைக்கு சாயங்காலமே பாத்துட்டேன். மறுநாள் நீ துணி வாங்கப் போனப்ப பிரிச்சு, பாஸ்போர்ட்டைக் கையில எடுத்தேன். கை நடுங்குச்சு, நிக்கவே இல்ல. உள்ளயே வெச்சுத் திரும்பத் தச்சுட்டேன்... நீ பிரிக்கறதுக்குத் தச்சே. நான் பிரியாம இருக்கத் தச்சேன்.