அவர் இறங்கும் நொடி

கைப்பேசியில் நல்ல காணொளி எடுக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பின்பக்கத்துக் கண்ணாடியைச் சட்டை நுனியால் ஒரு முறை துடைத்துவிட்டு எடுத்தால் போதும். பாதிப் பேர் அதைச் செய்வதில்லை. பிறகு படம் மங்கலாக வந்தது என்று கைப்பேசியைக் குறை சொல்கிறார்கள்.

நான் சிறிய கடைகளுக்குக் காணொளி எடுத்துத் தருகிறவன். சலவைக்கடை, பூட்டு பழுதுபார்ப்பவர், மூக்குக்கண்ணாடி விற்பவர், இப்படி. பெரிய நிறுவனங்கள் என்னிடம் வந்ததில்லை. வந்திருந்தால் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்பது புரிகிறது. கேட்ட வரிசையில் சொன்னால் குழப்பம் வரும். நடந்த வரிசையில் சொல்கிறேன்.

முதலில் சலவைக்கடைக்காரர். அவர் துணி வெளுப்பதைப் பற்றி நன்றாகப் பேசினார். அதை அப்படியே போட்டோம். அவருடைய மனைவியும் மைத்துனரும் பார்த்தார்கள். அடுத்த முறை அவருடைய சட்டை ஒன்றை மேஜைமேல் விரித்து, சூடான இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைத்துவிட்டு, அவர் பாட்டுக்குப் பேசச் சொன்னேன்.

"என்ன தம்பி, என் சட்டைய என் கையாலயே பொசுக்கச் சொல்றே?"

"உங்க சட்டைதானே அண்ணே. வாடிக்கைக்காரங்களோடதா என்ன?"

"வீட்டுல கேட்டா நீயே வந்து பதில் சொல்லு."

அவர் பேசப் பேசப் பெட்டிக்கு அடியிலிருந்து புகை வந்தது. அவர் என்ன பேசினார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பெட்டியை எடு, பெட்டியை எடு என்று கத்திக்கொண்டே ஊரே அதைப் பார்த்தது. அந்த வாரம் அவர் கடையில் துணி மலை மாதிரி குவிந்தது.

நான் கற்றுக்கொண்டது அதுதான். சரியாக நடக்கும் எதையும் யாரும் நின்று பார்ப்பதில்லை. இது என் கண்டுபிடிப்பு கிடையாது. நீங்களும் அப்படித்தான் பார்க்கிறீர்கள்.

என் அக்காவின் கணவர் மாடி வீடுகளின் பால்கனிக்கு வலை கட்டுகிறவர். குழந்தை விழாமல், புறா நுழையாமல் கட்டும் நைலான் வலை. தெருவில் அவருக்கு வலைக்காரர் என்றே பெயர். கீழே கடை, இரண்டாவது மாடியில் வீடு. கடைக்குப் பின்னால் இருந்த அறையை எனக்குக் கொடுத்திருந்தார். வேலை இல்லாமல் நான் அங்கே கிடந்த காலத்தில் ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. எதையுமே சொல்ல மாட்டார். நான் எடுத்த காணொளிகளைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை. "அந்தக் கடைக்கு ஆள் வந்தாங்களா?" என்று மட்டும் கேட்பார்.

அவருடைய வேலை முறை உங்களுக்குத் தெரிய வேண்டும். சுவரில் கொக்கிகளைப் பதித்து, வலையின் ஓரக்கயிற்றை அவற்றில் மாட்டுவார். மாட்டி முடித்ததும் ஒவ்வொரு கொக்கியிடமும் போய்க் கயிற்றை இரண்டு விரலால் இழுத்துப் பார்ப்பார். கருவிப் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டு, மறுபடி ஏறிப்போய் இன்னொரு முறை இழுப்பார். வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள்.

"மொத தடவ எனக்காக. ரெண்டாவது தடவ இந்த வீட்டுக் கொழந்தைக்காக" என்பார்.

எதிரில் புதிதாக ஒரு வலைக்கடை வந்தது. மெல்லிய வலை, பிளாஸ்டிக் கொக்கி, ஒரே நாளில் வேலை. ஆட்கள் அங்கே போனார்கள். அவர் கடையின் கதவைப் பாதி இறக்கிவைத்துவிட்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அக்காதான் என்னிடம் வந்தாள்.

"ஊர்ல இருக்கற கடைக்கெல்லாம் கூட்டம் சேக்கறே. உங்க மாமா கடை மட்டும் உன் கண்ணுல படலையாடா? சாப்புடறது இங்கதானே?"

"அவர் கேக்கலையே அக்கா."

"அவர் என்னைக்கு என்ன கேட்டிருக்காரு. வீடு பத்தி எரிஞ்சாகூட பக்கத்து வீட்டுல தண்ணி கேக்கக் கூச்சப்படற ஆளு."

எடுத்தேன். நைலானின் தடிமன் பற்றி அவர் பேசினார். பாதியில் கொட்டாவி விட்டது நான்தான். அதன் பிறகு மணல்மூட்டையை வலைமேல் எறிந்தோம். கொஞ்சம் பேர் பார்த்தார்கள். மூட்டைக்கு என்ன ஆனால் யாருக்கு என்ன. நீங்களே சாய்ந்து காட்டுங்கள் மாமா என்றேன்.

அவர் யோசிக்கவில்லை. தன் வீட்டு பால்கனியில் தானே கட்டிய வலை. கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்று, தெருவைப் பார்த்தபடி, முழு எடையையும் வலைமேல் போட்டுக் கைகளை விரித்தார். நான் கீழே தெருவில் நின்று எடுத்தேன். அக்கா பயந்துபோய் வீட்டிலிருந்த மெத்தைகளையெல்லாம் இழுத்து வந்து கீழே பரப்பியிருந்தாள். படத்தில் அவை தெரியாதபடி கைப்பேசியை உயர்த்திப் பிடித்தேன். வானம், வலை, ஒரு மனிதர். அவர் முகத்தில் எந்தப் பயமும் இல்லை. பேருந்துக்குக் காத்திருப்பவர் மாதிரி இருந்தார்.

அது பரவியது. எவ்வளவு என்று உங்கள் கோப்பிலேயே இருக்கும். வேறு மொழி பேசுகிறவர்கள்கூடப் பார்த்தார்கள். அவருக்கு மூச்சு விட முடியாத அளவுக்கு வேலை வந்தது. எனக்கும்தான். வலைக்காரர் காணொளி எடுத்தவர் நீங்கள்தானா என்று கேட்டுக்கொண்டு கடைக்காரர்கள் அந்தப் பின்னறைக்கு வந்தார்கள். உட்கார இடமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்தார்கள். என்னை சார் என்று முதன்முதலாகக் கூப்பிட்டது ஒரு செருப்புக்கடைக்காரர்.

ஆனால் நான் இன்னொன்றையும் பார்த்தேன். காணொளியை எத்தனை பேர் எந்த நொடியில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று கைப்பேசியில் ஒரு கோடு காட்டும். எங்கள் தொழிலில் அதைத்தான் நாடி மாதிரி பிடித்துப் பார்ப்போம். அவர் சாயும்போது கோடு ஏறி நின்றது. சாய்ந்திருக்கும்வரை அசையவில்லை. அவர் பத்திரமாக உள்ளே இறங்கும் நொடியில் செங்குத்தாக விழுந்தது. எல்லோரும் போய்விட்டார்கள். கடையின் முகவரி அதற்குப் பிறகுதான் வருகிறது. அதைப் பார்க்க யாரும் இல்லை.

கீழே எழுதியிருந்தவற்றையும் படித்தேன். எப்போது அறும் என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குத்தான் கிடைத்தது அத்தனை பேருடைய விருப்பக்குறியும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. காய்கறி நறுக்கிக்கொண்டும், அலுவலகக் கழிப்பறையில் உட்கார்ந்துகொண்டும் பார்க்கிறவர்கள். வலை தாங்குகிறது என்று தெரிந்துகொள்ள அவர்கள் வரவில்லை.

அடுத்தடுத்து எடுத்தோம். அதே வலை, அதே சாய்வு. பார்ப்பவர்கள் குறைந்தார்கள். இந்த ஆள் இன்னும் விழவில்லையா என்று ஒரு பள்ளிப் பையன் எழுதினான். சார் என்று கூப்பிட்ட செருப்புக்கடைக்காரர் வேறு ஒருவனிடம் போய்விட்டார். தெருவில் பார்த்தபோது தம்பி என்றார்.

அப்போதுதான் மாமா நிறுத்திவிடலாம் என்றார்.

"போதும் மாப்ள. கையில வேலை இருக்கு. இந்த வயசுல சொவத்துல ஏறி வித்த காட்டிட்டிருந்தா பாக்கறவன் என்ன நெனைப்பான்?"

"ஒண்ணே ஒண்ணு மாமா. அதோட விட்டுடலாம்."

"போன தடவையும் இதத்தான் சொன்னே."

"போன தடவ வெளிச்சம் சரியில்ல."

சிரித்தார். என்னிடம் அவர் எதையும் மறுத்ததில்லை.

என் யோசனை எளிமையானது. ஒரு கொக்கி மட்டும் நழுவ வேண்டும். வலை ஒரு சாண் தொய்ய வேண்டும். அவர் திடுக்கிட வேண்டும். வலை தாங்க வேண்டும். ஒரு கொக்கி போனாலும் எங்கள் வலை தாங்கும் என்பதைவிட நல்ல விளம்பரம் இருக்கிறதா? கேட்டுப் பாருங்கள், யாரும் இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். அவரிடம் முன்பே சொல்லியிருக்கலாம். சொன்னால் நடிக்க வேண்டும். அவருக்கு நடிக்க வராது. ஒரு முறை ஆச்சரியப்படுங்கள் என்றேன். பல்வலி வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அந்தப் பயம் உண்மையாக இருந்தால்தான் எடுபடும்.

சிக்கல் அவருடைய இரண்டு விரல்கள்தான். சாய்வதற்கு முன் எல்லாக் கொக்கியையும் இழுத்துப் பார்ப்பார். அதுவும் இரண்டு முறை.

அன்று காலை அவர் இரண்டாவது முறையும் பார்த்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்தேன். பிறகு சட்டை சரியில்லை என்றேன். உண்மையிலேயே சரியில்லை. பச்சை வலைக்குப் பின்னால் பச்சைச் சட்டை. ஆளே தெரிய மாட்டார். அவர் உள்ளே மாற்றப் போனார். வெள்ளைச் சட்டை கசங்கியிருக்கிறது என்று அக்கா அதைத் தேய்க்க எடுத்துக்கொண்டாள். கீழே மெத்தைகளை அவள் ஏற்கெனவே பரப்பிவிட்டாள்.

நான் பால்கனியில் தனியாக இருந்தேன். இடப்பக்க மூலையில் ஒரு கொக்கியின் கயிற்றை அதன் நுனிவரைக்கும் நகர்த்தி வைத்தேன். பார்த்தால் மாட்டியிருப்பது போலத்தான் இருக்கும். கையால் வலையை அழுத்திப் பார்த்தேன். கயிறு நழுவியது. வலை அசையவே இல்லை. அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தார். ஒரு கொக்கியால் கைக்குட்டை அளவுக்குக்கூடத் தொய்வு வராது. அதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். மறுபடி நுனியில் வைத்தேன். அதற்குக் கீழே இருந்ததையும் அப்படியே செய்தேன். போதவில்லை. அதற்கும் கீழே. இப்படியே போனதில் அந்தப் பக்கம் முடிந்துவிட்டது.

"மாப்ள, இந்தச் சட்டை பரவால்லையா?" என்று உள்ளே இருந்து கேட்டார்.

"எடுப்பா இருக்கு மாமா" என்றேன். இருந்தது.

அவர் வந்து சுவர்மேல் கை வைத்தார். கொக்கிகளின் பக்கம் கண் போனது. விரல்களும் நீண்டன. நான்தான் தடுத்தேன்.

"இப்பத்தானே மாமா ரெண்டு தடவையும் பாத்தீங்க. வெயில் ஏறிடும்."

"ஆமால்ல" என்றார்.

நான் கீழே இறங்கினேன். கைப்பேசித் திரையில் பார்த்தேன். வெள்ளைச் சட்டை அவரை நன்றாக எடுத்துக் காட்டியது. ஆனால் இந்த முறை கைப்பேசியை உயர்த்திப் பிடித்தால் போதாது. அவர் சாயும் இடத்திலிருந்து தரைவரை முழுவதும் படத்தில் வர வேண்டியிருந்தது. மெத்தைகள் பளிச்சென்று தெரிந்தன. மெத்தை தெரிந்தால் பார்க்கிறவர்களுக்குத் தைரியம் வந்துவிடும், அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். அதனால் அவற்றைச் சுவரோரம் இழுத்துப் போட்டேன். ஒன்று கனமாக இருந்தது. இரட்டைக் கட்டில் மெத்தை. அதையும் இழுத்தேன். அவர் மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தேன்.

தரைவரை எதற்குப் படத்தில் வர வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள். போன முறை கேட்ட அதிகாரி இதைக் கேட்கவில்லை. உங்களுக்கு இந்த வேலை தெரிகிறது.

நான் சரி என்று சொல்லாமல் அவர் சாய மாட்டார். அது எங்கள் வழக்கம். சொல்லாமலே இருந்திருக்கலாம். கைப்பேசியை இறக்கிவிட்டு, வெளிச்சம் போய்விட்டது மாமா, நாளைக்குப் பார்க்கலாம் என்றிருந்தால் அவர் இறங்கி வந்து கடையைத் திறந்திருப்பார். சரி என்றேன்.

வலை பிரிந்தபோது அவர் கீழே பார்க்கவில்லை. பக்கவாட்டில் கொக்கிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கத்தவில்லை. நான் கை ஆடாமல் பிடித்திருந்தேன். அக்கா இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே பால்கனிக்கு ஓடி வந்ததும் கடைசியில் பதிவாகியிருக்கிறது. அதன் பிறகுதான் நிறுத்தினேன். நிறுத்திய பிறகு ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்.

அந்தக் காணொளியைப் போட்டதும் நான்தான். திருட்டுப்போய் வெளிவந்தது என்று முன்பு சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். கோடு கடைசிவரை இறங்கவே இல்லை. முகவரியும் எல்லோருடைய கண்ணிலும் பட்டது.

அதனால் பயன் எதுவும் இல்லை. வலை மோசம் என்றார்கள். கட்டிய வீடுகளிலிருந்தெல்லாம் கூப்பிட்டு அவிழ்த்துப் போகச் சொன்னார்கள். அவிழ்க்க அவர் உயிரோடு இல்லை. எதிர்க்கடைக்காரன் அந்தக் காணொளியையே எடுத்து, நல்ல வலைக்கு எங்களிடம் வாருங்கள் என்று பின்னால் ஒட்டிப் போட்டான். வெட்டிய இடம்கூடச் சரியில்லை. பாதி விழுவதற்குள் வெட்டியிருந்தான்.

அக்கா என்னை ஒன்றும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துத்தான் பேசுவாள்.

"ரெண்டு தடவ இழுத்துப் பாக்கற மனுசன்டா. அன்னைக்கு மட்டும் எப்படி விட்டாரு?"

ஒரு வாரம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊரும் அதைத்தான் சொன்னது, கவனக்குறைவு என்று. அவருக்கு அந்தப் பெயர் தகாது. அவர் அன்றைக்கும் இரண்டு முறை பார்த்தார். கொக்கி, கயிறு, வலை எதிலும் பிழையில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். இதைச் சொல்லத்தான் நானாக வந்தேன்.

விழுவார் என்று உனக்குத் தெரியுமா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். தெரியும். சட்டை மாற்றச் சொன்னபோதே தெரியும். ஒரு சாண் தொய்வு என்பதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது.

அக்காவுக்குச் சொல்லிவிட்டீர்களா? என்னைப் பார்க்க வர மாட்டேன் என்றிருப்பாள். அவள் கோபம் நியாயமானது. ஆனால் அவள் இன்னும் அந்தக் காணொளியை முழுதாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். யாராவது அவளை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள், சத்தத்தை அணைத்துவிட்டு. அவளிடம் இருக்கும் கல்யாணப் படங்கள் உட்பட, எதிலும் மாமாவின் முகம் அவ்வளவு தெளிவாக விழுந்ததில்லை. பார்த்தால் புரிந்துகொள்வாள்.