ஆறாவது ஏகாம்பரம்

அத்தை: ...வெட்கப்படாம பேசுங்க தம்பி. பொண்ணு பார்க்க வந்துட்டு மூஞ்சியைக் கூடப் பார்க்கலன்னா எப்படி? எங்கண்ணன், உங்கம்மா எல்லாரும் ஹால்ல இருக்காங்க. நான் இந்த ஓரமா கீரை ஆயறேன். எனக்குக் காது மந்தம்.

விக்டர்: சரிங்கம்மா... உங்க பேரு லூர்துராணின்னு சொன்னாங்க.

லூர்து: ஆமாங்க. நீங்க விக்டர்னு சொன்னாங்க.

விக்டர்: சினிமா பார்ப்பீங்களா?

லூர்து: எப்பவாச்சும்... அப்பா கூட்டிட்டுப் போனா. இன்ஸ்பெக்டர் ஏகாம்பரம் படம்னா ரொம்பப் பிடிக்கும்.

விக்டர்: எனக்கும்! முதல் படத்துல ஜவுளிக்கடை பொம்மைக்கு விலங்கு மாட்டி ஸ்டேஷனுக்கு இழுத்துட்டு வருவாரே...

லூர்து: 'வாயைத் திறக்க மாட்டேங்கிறான், பலே கில்லாடி'ம்பாரு!

விக்டர்: ரெண்டாவது சுமாருங்க. கிணத்துல ஒரு தடவை விழுந்தா சிரிக்கலாம். படம் பூரா விழுந்தா?

லூர்து: நாலாவதுல கிணறும் இல்ல, சிரிப்பும் இல்ல. டூயட் மட்டும்தான். அஞ்சாவதுல கொஞ்சம் தேறினாரு. ஆனா இப்ப வந்துச்சே ஆறாவது... அதுதான் டாப்.

விக்டர்: ஆறாவதா? ஐயையோ... அதுல தலையும் புரியல, வாலும் புரியல.

லூர்து: அதுதாங்க புதுமை! திருடனை முதல்ல பிடிச்சிடுறாரு. இடைவேளைக்கு அப்புறந்தான் அவன் திருடவே போறான். வேற எந்தப் படத்துல இப்படி எடுத்திருக்காங்க?

விக்டர்: கால்ல கட்டோட நொண்டிக்கிட்டு வர்றாரு. அதுக்கப்புறம் மாடியிலேருந்து விழுறாரு. இதுவா புதுமை?

லூர்து: கொஞ்சம் யோசிச்சுப் பார்க்கணும். மூளை இருந்தா...

விக்டர்: அப்ப எனக்கு மூளை இல்லங்கிறீங்களா?

அத்தை: அடடா... வந்த இடத்துல என்ன தம்பி சண்டை? இருங்க, காப்பி கொண்டாரேன்.

லூர்து: போயிட்டாங்களா?... ஏய் விக்டர்! தலையை ஆட்டிட்டுப் பேசாம போன்னு சொன்னேனா இல்லையா?

விக்டர்: நீ எதுக்கு ஆறாவது படத்தை இழுத்தே?

லூர்து: உன்கூட சண்டை போட்டே பழகின வாய்... மெதுவாப் பேசு. நமக்கு முன்னாடியே பழக்கம்னு தெரிஞ்சா அப்பா இப்பவே உன்னையும் உங்கம்மாவையும் எழுப்பி அனுப்பிடுவாரு. அக்காவுக்கு வந்த வரனையே, பஸ் ஸ்டாப்புல அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசினார்னு வேண்டாம்னவரு.

விக்டர்: பயப்படாத. நாம ஒண்ணும் கேட்காமலே ரெண்டு வீட்டுலயும் தானா பேசி வந்திருக்காங்க. மாதா பண்ணின புதுமைதான்.

லூர்து: புதன்கிழமை மாதா கோயில் நவநாள் ஜெபத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு உன்கூட மேட்னி வந்தேன். எனக்கா புதுமை பண்ணுவாங்க?... எனக்குப் பயமா இருக்கு விக்டர். இது கெட்டுப் போச்சுன்னா, வேற ஒருத்தர்கூட என்னால முடியாது.

விக்டர்: கண்ணைத் துடை... வர்றாங்க.

அத்தை: இந்தாங்க, சூடா இருக்கு. தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். அந்த ஆறாவது படத்துல திருடனை முதல்லயே பிடிச்சிடுறாங்களா?

விக்டர்: ஆ... ஆமாங்கம்மா.

அத்தை: பக்கத்து வீட்டு அமிர்தராஜ் டவுன்ல பார்த்தான். முதல்ல திருட்டு, கடைசியில பிடிக்கிறதுன்னு ஒழுங்காத்தானே கதை சொன்னான்?

லூர்து: அவர் தூங்கியிருப்பாரு அத்தை.

அத்தை: அவன் தூங்கல. ஸ்ரீரங்கத்துக் கொட்டகையில ஆபரேட்டர் ரீலை மாத்தி ஓட்டிட்டான். ஒரே ஒரு ஆட்டம்... புதன்கிழமை மேட்னி. டவுன்ல ஓடின படத்தைப் பார்க்க ஆத்தைத் தாண்டி ஏன் போனீங்க ரெண்டு பேரும்?

லூர்து: நம்ம கோயில் ஆளுங்க யாரும்... அந்தப் பக்கம் வரமாட்டாங்கன்னு... அத்தை, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க! உங்க கால்ல விழறேன்.

அத்தை: எழுந்திருடி, காப்பி கொட்டுது.

விக்டர்: தப்பு என்மேலதாங்கம்மா. எங்கம்மாவுக்குக் கூட இது தெரியாது... ஆமா, அந்த ஒரு ஆட்டந்தான் மாறிச்சுன்னு உங்களுக்கு எப்படி...?

அத்தை: மெதுவா! எங்கண்ணன் காதுல விழுந்தா முதல்ல நான்தான் தொலைஞ்சேன். அன்னிக்கு நானும் நவநாளுக்குத்தான் போனேன்... உங்கம்மாகூட. உங்களுக்கு நேர் பின் வரிசை. கதை புரியலன்னு அடுத்த ஆட்டமும் இருந்து பார்த்தோம், அது ஒழுங்கா ஓடுச்சு, ஆனா சிரிப்பு வரல. மேட்னியில நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டீங்களே, அதுக்குத்தான் விழுந்து விழுந்து சிரிச்சோம்... இடைவேளையில முறுக்கைக் கடிச்சுக்கிட்டே சம்பந்தத்தையும் பேசி முடிச்சிட்டோம்.