சந்து ஓரத்து வீட்டின் அடிமனை

பால்டிமோர் நகர நீதிமன்றத்தில், பிரதிவாதி திருமதி டொலொரஸ் கெர்ஹார்ட் தரப்புச் சாட்சி சொல்லக் கேட்டு எழுதப்பட்டது. அக்டோபர், 2005.

என் பெயர் எமில் ஹவ்ரானெக், வயது எழுபத்தெட்டு, காலஞ்சென்ற அலோயிஸ் ஹவ்ரானெக்கின் மகன், மணமாகாதவன். கிழக்கு பால்டிமோரில் ஆல்டர் தெரு 614ஆம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். பள்ளியில் லத்தீன் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் நினைவை நானே முழுதாக நம்புவதில்லை. ஆகையால் பத்திரங்களோடு ஒத்துப் பார்த்ததையும், என் காதால் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் வீடு குடியிருப்பவருக்குச் சொந்தம், அதன் கீழுள்ள நிலமாகிய அடிமனை வேறொருவருக்குச் சொந்தம். மே மாதமும் நவம்பர் மாதமும் அடிமனைக்காரருக்கு வாடகை கட்ட வேண்டும். கட்டத் தவறினால் அவர் வழக்குப் போட்டு வீட்டையே எடுத்துக்கொள்ளலாம். உரிய விலையை ஒரே தவணையில் கட்டி, அடிமனையை நாமே வாங்கிக்கொள்ளவும் சட்டத்தில் வழி உண்டு.

என் வீடும் அடுத்த 616ஆம் எண் வீடும் ஒரே நடுச்சுவர் கொண்டவை. என் வீடு சந்து ஓரத்தில் இருப்பதால் அதற்குப் பக்கவாட்டில் ஒரு சன்னல் உண்டு, 616க்குக் கிடையாது. 616இல் திருமதி கெர்ஹார்ட் கணவர் இறந்த பிறகு தனியாகக் குடியிருக்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நாங்கள் அண்டை வீட்டார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், எனக்குப் பிறகு வீடு என் தங்கை மகளுக்குச் சிக்கலில்லாமல் போக வேண்டும் என்று எண்ணி, நான் வாடகை கட்டிவந்த அடிமனைக்கார அம்மையாருக்கு எழுதினேன். அவர் சம்மதித்தார். என் சேமிப்பில் பெரும்பகுதியைக் கொடுத்து அடிமனையை வாங்கிப் பத்திரம் பதிவு செய்தேன். அன்று திருமதி கெர்ஹார்ட் ஒரு தட்டு மீன் வடையும் கடுகுக் குழம்பும் கொண்டுவந்து, "இனிமே மண்ணுக்கும் நீதான் ராஜா, கண்ணு. அடியில இருக்கிற மண்புழுவுக்கெல்லாம் வாடகை போடு," என்று சொன்னார். பத்திரத்தில் என் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லை விவரத்தைப் படிக்கவில்லை.

அதன் பிறகு இந்த ஆண்டு ஆகஸ்டில் திருமதி கெர்ஹார்டின் கதவில் நீதிமன்றத் தாள் ஒன்று ஒட்டப்பட்டது. அவருடைய அடிமனைக்காரர் இறந்துபோய், வாரிசுகள் அதை ஒரு நிறுவனத்துக்கு விற்றிருந்தார்கள். நிறுவனம் அனுப்பிய கடிதங்கள் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. அவருக்கு வரவில்லை. யாரும் கேட்காததால் அவரும் கட்டவில்லை. நிலுவையைவிட வக்கீல் செலவு பல மடங்கு ஏறியிருந்தது, வீட்டைக் காலி செய்யும்படி தாளில் எழுதியிருந்தது. அவருக்குக் கண்ணாடி சரியில்லாததால், வாசலில் வெள்ளைக் கல் படியில் உட்கார்ந்து நான் அதைப் படித்துக் காட்டினேன். அப்போது, வழக்கில் உள்ள மனை "சந்தின் விளிம்பிலிருந்து தொடங்குவது" என்ற வரியைக் கண்டு நிறுத்தினேன்.

"என்ன, நின்னுட்ட? முகம் சுண்ணாம்பு மாதிரி ஆயிருச்சே," என்றார்.

எழுத்து மங்கலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்குப் போய் என் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். நான் வாங்கிய மனை சந்திலிருந்து ஒரு வீட்டின் அகலம் தள்ளித் தொடங்குவதாக அதில் இருந்தது. நான் தவறாகப் படிக்கிறேன் என்று நினைத்து மறுநாள் அளவு நாடாவோடு தெருவில் இறங்கினேன். திருமதி கெர்ஹார்ட் நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "எதுக்குப்பா இது? சவப்பெட்டிக்கு அளவெடுக்கிறியா? எனக்கா, உனக்கா?" என்று கேட்டார். அளவு பத்திரத்தோடு பொருந்தியது. என் அடிமனை அவருடைய வீட்டுக்குக் கீழே இருந்தது. வழக்கில் உள்ள அடிமனை என் வீட்டுக்குக் கீழே இருந்தது.

இது எப்படி நேர்ந்தது என்பது பதிவு அலுவலகத்தில் பழைய பத்திரங்களைப் பார்த்த பிறகு தெரிந்தது. நான் சிறுவனாக இருந்தபோது என் தகப்பனாரும் திருமதி கெர்ஹார்டின் மாமனாரும் வீடு மாற்றிக்கொண்டார்கள். என் தாயார் வீட்டில் தையல் வேலை செய்தார், அவருக்கு வெளிச்சம் வேண்டியிருந்தது. கெர்ஹார்ட் பெரியவருக்கு இரண்டு பக்கமும் சுவர் இருந்து கதகதப்பாக இருக்கும் வீடு வேண்டியிருந்தது. வீடுகளை முறையாக எழுதி மாற்றினார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் அடிமனை வாடகையை வீட்டோடு சேர்த்து யாரும் நினைப்பதில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தன் வாடகை, தன் அடிமனைக்காரர். வசூலிக்க வருபவரும் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார், வீட்டு எண்ணைப் பார்ப்பதில்லை. ஆகவே இரு குடும்பமும் கட்டில், அலமாரியைத் தூக்கிக்கொண்டு போனது போலவே பழைய வாடகையையும் கூடவே கொண்டுபோய், தலைமுறை தாண்டியும் அவரவர் வழக்கப்படி கட்டிவந்தன.

அதன் பிறகு திருமதி கெர்ஹார்டுக்காக வழக்காடும் இலவசச் சட்ட உதவி வக்கீல் செல்வி யுவெட் பிராக்ஸ்டனிடம் போய்ச் சொன்னேன். அவர் என் பத்திரத்தையும் நீதிமன்றத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சார், ஒண்ணு புரிஞ்சுக்குங்க. இதை நீங்க கோர்ட்டுல சொன்னா, அந்த அம்மா தப்பிச்சுடுவாங்க. வழக்கு அப்படியே உங்க வாசலுக்கு வந்து நிக்கும். நான் அவங்க வக்கீல், உங்க வக்கீல் இல்லை. வேற ஒருத்தர்கிட்டயும் கேட்டுட்டு வாங்க," என்றார். நான் வேறு ஒருவரிடமும் கேட்டேன். அவரும் அதையே சொல்லி, சொல்லாதிருப்பதும் குற்றமாகாது என்றார்.

மூன்று வாரம் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்த நாட்களில் திருமதி கெர்ஹார்ட் பாத்திரங்களைத் தாளில் சுற்றிப் பெட்டிகளில் அடுக்கும் ஓசை நடுச்சுவர் வழியாகக் கேட்டது.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்து வரும்போது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். "அப்ப ரெண்டு வருஷமா நீதான் என் அடிமனைக்காரனா? தெரிஞ்சிருந்தா அந்த மீன் வடையைக் கொடுத்திருக்க மாட்டேன்." பிறகு சிரிப்பை நிறுத்தினார். நடந்த பேச்சை இயன்றவரை அவ்வாறே சொல்கிறேன்.

"வாயை மூடிக்கிட்டு இரு, எமில். நான் மக வீட்டுக்குப் போறேன். பெட்டி பாதி கட்டியாச்சு."

"உங்க மக வீட்ல மாடிப்படி ஏறணுமே, டொலொரஸ்."

"ஏறுவேன். நீ எங்க போவ? உனக்கு மக இருக்காளா? கடைக்காரன் மீதிச் சில்லறை குறைச்சுக் கொடுத்தாக்கூடக் கேக்காம வர்றவன் நீ. கோர்ட்டுல ஏறி அந்த வக்கீல் கூட்டத்துக்கிட்ட என்ன பேசப்போற?"

"தெரியலை."

"பயந்தாங்கொள்ளி. இன்னைக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு தைரியம்?"

"வரலை. பயந்துகிட்டேதான் பேசணும்."

அவர் என்னோடு வீடு வரை நடந்தார். தன் வாசலில் நின்று, "உன் சன்னல்ல வெயில் வர்றதைப் பார்த்து நான் எத்தனை தடவை பொறாமைப்பட்டிருக்கேன் தெரியுமா?" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றும் மறுநாளும் பெட்டி அடுக்கும் ஓசை கேட்கவில்லை.

616ஆம் எண் வீட்டின் அடிமனையை, பதிவுச் செலவு தவிர எதுவும் வாங்காமல், திருமதி கெர்ஹார்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அதன் நகலை இத்துடன் கொடுத்துள்ளேன். என் வீட்டின் அடிமனைக்குரிய நிலுவையைக் கட்டி அதை வாங்கிக்கொள்ள எனக்குத் தவணை தரும்படி நீதிமன்றத்தைக் கேட்டுக்கொள்கிறேன். முழுத்தொகையும் என்னிடம் இப்போது இல்லை. தவணை கிடைக்காமலும் போகலாம் என்பது எனக்குப் புரிந்திருக்கிறது.

நான் சொன்னவை எனக்குத் தெரிந்தவரை உண்மை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, ஒருவர் தடுக்கவே பார்த்தார். தட்டச்சு செய்ததை அலுவலர் எனக்குப் படித்துக் காட்டினார், பிறகு நானும் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தின் தலைப்பில் வழக்குக்குரிய வீடு "616" என்று இருந்ததை அடித்து, "614" என்று என் கையால் எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) எமில் ஹவ்ரானெக்